மூன்றாவது குடம்

எழுதத் தொடங்கும் முன் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். அதற்குப் பிறகு என் கை எழுதியதெல்லாம் சங்குக் கொட்டடிச் சிட்டைதான். இன்ன படகு, இன்ன தேதி, நல்ல சங்கு இத்தனை, கழிவு இத்தனை. அதற்கு மேல் நாலு வரி எழுதிப் பழக்கமில்லை. பேச்சும் அப்படித்தான். கல்யாண வீட்டில் இலையில் உப்பு வைக்க மறந்துவிட்டால் கேட்காமல் சாப்பிட்டு எழுந்துவிடுவேன். அப்படிப்பட்டவன் தன் வீட்டு விஷயத்தை, அதுவும் ஒரு பெண்குழந்தையின் மூத்திர வியாதியை, எழுதி மற்றவர்களைப் படிக்கச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது.

போன மாதம் என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவர், தன் மகளுக்கு நீர்க்கடுப்பு என்று மாத்திரை வாங்கி வந்து மேசைமேல் வைத்தார். தண்ணீர் நிறையக் கொடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். சாயங்காலம் அவர் வீட்டுத் தெருமுனை வரை நடந்து போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். அடுத்த வாரம் பிள்ளைக்குச் சுகமாகிவிட்டது என்றார். இப்போது வருகிற மாத்திரைகள் வேறு. நான் சொல்லாததால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஆனால் இருபது வருடத்துக்கு மேலாகியும் அந்த ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை. அதனால் எழுதிப் பார்க்கிறேன்.

உலகச் சண்டை முடியப்போகிற சமயம் அது. எனக்கு இருபத்தெட்டு வயது. கடலில் முங்கிச் சங்கு எடுத்து வருகிறவர்கள் மத்தியானத்துக்கு மேல் கரைக்கு வருவார்கள். சங்கைக் கொண்டுவந்து கொட்டுகிற கொட்டடியில் துளை போட்ட பலகை ஒன்று உண்டு. ஒவ்வொரு சங்கையும் அந்தத் துளைக்குள் விட்டுப் பார்ப்பார்கள். துளைக்குள் விழுந்துவிட்டால் அது பிஞ்சு. திரும்பக் கடலுக்குப் போகும். விழாமல் நின்றால் நல்ல சங்கு. பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவது என் வேலை. சங்கைக் குழியில் போட்டுச் சதையை அழுக வைத்துத்தான் கழுவுவார்கள். அந்த நாற்றம் சட்டையிலும் தலைமுடியிலும் ஏறிவிடும். வீட்டுக்கு வந்ததும் சாம்பல் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவினால்தான் என் மகள் கிட்டே வருவாள். கழுவின பிறகும் ஒவ்வொரு விரலாக மோந்து பார்த்து, "இந்த வெரல் மட்டும் இன்னும் நாறுது" என்று ஏதாவது ஒரு விரலைப் பிடித்துச் சொல்வாள். அது விளையாட்டு. எல்லா விரலும் ஒரே மாதிரிதான் நாறும்.

எங்கள் வீடு உப்பளத்துக்குப் போகிற பக்கம். நானும் மனைவியும் அவளும் மட்டும். எங்கள் இருவருக்கும் சொந்த ஊர் செம்மணல் தேரிப் பக்கம், பனங்காட்டுக்குள் ஒரு கிராமம். வேலைக்காகத்தான் தூத்துக்குடிக்கு வந்தோம். எங்கள் தெருவுக்குக் குழாய் வரவில்லை. கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. காலையில் மாட்டுவண்டியில் பீப்பாய் வைத்து நல்ல தண்ணீர் கொண்டுவருவார்கள். வீட்டுக்கு இரண்டு குடம்.

மகளுக்கு அஞ்சு வயது நடக்கும்போது பாயில் மூத்திரம் போக ஆரம்பித்தாள். அதற்கு முன்னால் ஒரு வருடமாக அந்தப் பழக்கம் விட்டிருந்தது. சோம்பேறித்தனம் என்று நினைத்து மனைவி இரண்டு மூன்று தரம் அடித்தாள். பிறகுதான் கவனித்தோம். கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்தால் பிள்ளை நெடுநேரம் எழுந்து வருவதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கால் கட்டைவிரலை மண்ணில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு சொட்டு, இரண்டு சொட்டு. உஷ்ணம் என்று இளநீர் கொடுத்தோம். வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தோம். தொப்புளிலும் பெருவிரலிலும் விளக்கெண்ணெய் தடவினோம். அடங்கும், பிறகு வரும். ஒருநாள் மத்தியானம் பல்லெல்லாம் கிட்டிக்கொள்கிற மாதிரி குளிரோடு காய்ச்சல் வந்தது. அன்றைக்குத்தான் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன்.

அந்த டாக்டர் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் சின்னதாக ஒரு ஆஸ்பத்திரி வைத்திருந்தார். முன்னால் மருந்து கொடுக்கிற இடம். பின்னால் நாலு கட்டில். மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி அடியில் நெருப்பைக் காட்டினார். தயிர் திரிகிற மாதிரி வெள்ளையாகத் திரண்டு வந்தது. மூத்திரப் பையிலும் அதற்கு மேலேயும் சீழ் பிடித்திருக்கிறது, சின்னப் பெண்பிள்ளைகளுக்கு இது வருவதுதான் என்றார். சல்பா மாத்திரை என்று வெள்ளையாக ஒன்று எழுதிக் கொடுத்தார். பாதி பாதியாக உடைத்து, சோடா உப்புக் கரைத்த தண்ணீரோடு கொடுக்க வேண்டும். ஏழு நாள் விடாமல்.

மூன்றாம் நாள் காய்ச்சல் நின்றது. நாலாம் நாள் பிள்ளை பாண்டி விளையாடப் போனாள். அஞ்சாம் நாளிலிருந்து மாத்திரையை நிறுத்திவிட்டோம். சுகமான பிள்ளைக்கு எதற்கு மருந்து? அதுவும் சண்டைக்காலத்தில், எதுவும் கிடைக்காத சமயத்தில். மிச்ச மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் குங்குமச் செப்புக்குள் பத்திரமாக வைத்தாள் என் மனைவி. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் வைப்பார்கள். நான் அதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்துத் திரும்ப வந்தது. செப்பில் இருந்ததை எடுத்துக் கொடுத்தோம். மூன்று நாளுக்குத்தான் இருந்தது. காய்ச்சல் இறங்கிற்று. நாங்களும் நிறுத்திக்கொண்டோம், நிறுத்தாமல் என்ன செய்வது, மாத்திரை தீர்ந்துபோயிற்றே. டாக்டரிடம் போகவில்லை. போய் என்ன சொல்வது, போன தடவை கொடுத்ததில் மிச்சம் வைத்தோம் என்றா? அதற்குப் பிறகு அவள் முழுசாகச் சுகமாகவே இல்லை. இளைத்துப் போனாள். தண்ணீர் குடித்தால் மூத்திரம் வரும், மூத்திரம் வந்தால் எரியும் என்று அவளாகவே கண்டுபிடித்து, தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாள். டம்ளரைக் கொடுத்தால் உதட்டை நனைத்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள்.

மனைவிக்கு அப்போது ஏழு மாதம். காலெல்லாம் வீங்கி, எழுந்து நடக்க முடியாமல் இருந்தாள். உதவிக்கு ஊரிலிருந்து அவளுடைய அக்காள் வந்தாள். எனக்கு மதினி முறை. சின்ன வயதிலேயே தாலி அறுத்தவள். தாய் இல்லாத என் மனைவியை வளர்த்து ஆளாக்கினவள் அவள்தான். என் மனைவிக்குப் பத்து வயதில் காமாலை வந்து கண்ணெல்லாம் மஞ்சளாகிப் பிழைக்க மாட்டாள் என்று விட்டுவிட்டார்களாம். ஊர் வைத்தியர் ஒரு செந்தூரம் கொடுத்து, மண்டலம் முழுக்கக் கடும்பத்தியம் சொன்னாராம். உப்பு இல்லை, புளி இல்லை, தண்ணீர் நாளைக்கு ஒரு உழக்கு, அதுவும் சுக்குப் போட்டுக் காய்ச்சி ஆற வைத்தது. பிள்ளை தண்ணீர் தண்ணீர் என்று கதறினபோது மதினி கதவைச் சாத்திக்கொண்டு வாசலில் உட்கார்ந்து அழுதாளாம். ஆனால் கொடுக்கவில்லை. என் மனைவி பிழைத்தாள். மதினிக்கு மருந்து என்றால் அதுதான். பத்தியம் இல்லாத மருந்து மருந்தே அல்ல.

எங்கள் பக்கத்தில் மனைவியின் அக்காளும் தங்கையின் புருஷனும் நேருக்கு நேர் பேசிக்கொள்வது கிடையாது. மரியாதை அது. சொல்ல வேண்டியதை நடுவில் ஒரு ஆளை வைத்துச் சொல்வோம். என் மனைவி படுத்தபடி கிடந்ததால், நடுவில் நின்றது என் மகள். "ஏளா, ஒங்க ஐயாவச் சாப்பிட வரச் சொல்லு" என்று மதினி அடுப்படியிலிருந்து சொல்வாள். நான் ஒரு கை தூரத்தில் இருப்பேன். பிள்ளை என் பக்கம் திரும்பி, "ஐயா, சாப்பிட வரணுமாம்" என்பாள். "வாரேம்னு சொல்லு" என்பேன். அவள் திரும்பி அதைச் சொல்வாள். இந்த வேலை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. சில சமயம் குறும்புக்கு மாற்றிச் சொல்வாள். "ஐயாவுக்குச் சோறு வேண்டாமாம் பெரியம்ம, கருவாடு மட்டும் போதுமாம்." மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

மதினி வந்த மூன்றாம் வாரம் திரும்பக் குளிர்காய்ச்சல் வந்தது. இந்தத் தடவை முதுகிலும் வலி. டாக்டரிடம் தூக்கிப் போனேன். அவர் கோபப்பட்டார். பாதியில் நிறுத்தினால் வியாதி உள்ளேயே பதுங்கிக்கொள்ளும் என்றார். வெளிநாட்டில் புதிது புதிதாக ஊசி மருந்துகள் வந்திருப்பதாகவும், அதெல்லாம் பட்டாளத்துக்குத்தான் போகிறது, நமக்குக் கிடைக்காது, கிடைத்தாலும் இந்த வியாதிக்குக் கேட்குமா தெரியாது என்றும் சொன்னார். நமக்கு இருப்பது இந்த மாத்திரை ஒன்றுதான். இந்தத் தடவை அளவு கூட, பத்து நாள், ஒரு வேளைகூடத் தவறக்கூடாது.

வெளியே மருந்து எடுத்துக் கொடுத்த கம்பவுண்டர் வயதானவர். பொட்டலத்தை என் கையில் வைத்து, கையை விடாமல் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, நல்லா கேட்டுக்கிடுங்க. இது தண்ணி இல்லாம உள்ள போச்சுன்னா மணலா நின்னுரும். மூத்திரம் வார வழிய அடைச்சுரும். பிள்ள வேண்டாம் வேண்டாம்னாலும் தண்ணிய ஊத்திக்கிட்டே இருக்கணும்."

சரி என்றேன். எனக்கு எல்லாம் விளங்கிற்று. விளங்கவில்லை என்று நான் சொல்ல முடியாது. வருகிற வழியிலேயே ஒரு மண்குடம் வாங்கினேன். மறுநாள் காலை பீப்பாய் வண்டிக்காரரிடம், இனி எங்கள் வீட்டுக்கு மூன்று குடம் என்று சொன்னேன்.

அன்றைக்குச் சாயங்காலம் கொட்டடியிலிருந்து வந்தபோது மதினி மாத்திரையைத் தேனில் போட்டுக் கல்லில் உரைத்துக்கொண்டிருந்தாள். மகள் பாயில் படுத்திருந்தாள். நான் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் மதினி சொன்னாள்:

"ஏளா, ஒங்க ஐயாட்ட சொல்லு. போன ரெண்டு தடவையும் பத்தியம் இல்லாமத்தான் மருந்து குடுத்தாவ. அதான் நோய் போகல. தண்ணியக் குடிச்சா மருந்து மூத்திரத்தோட வெளிய போயிரும். ஒடம்புல நிக்கணும்லா."

மகள் என் பக்கமாகத் திரும்பிப் படுத்தாள். காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது.

"ஐயா, மருந்து குடிக்கிற புள்ளைக்குத் தண்ணி ஆகாதாம்."

அதை அவள் என்னிடம் சொன்னாள். அவளுக்குத்தான் தண்ணீர் இல்லை. சொல்லும்போது சாப்பிட வரச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு, டாக்டர் தண்ணீர் கொடுக்கச் சொன்னார் என்றேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று தெரியவில்லை. மதினி பிள்ளையிடம், டாக்டருக்குப் பிள்ளை வளர்த்துப் பழக்கம் உண்டா என்று உங்கள் ஐயாவிடம் கேள் என்றாள். பிள்ளை கேட்டாள். நான் உள்ளே போய் மனைவியிடம் சொன்னேன். "அக்கா சொல்லுதது சரியாத்தான் இருக்கும். என்னைய அவதான பொழைக்க வச்சா. நீங்க பேசாம இருங்க" என்றாள்.

பேசாமல் இருந்தேன். அது எனக்குச் சுலபம். ஆனால் அதை மட்டும் சொன்னால் பொய். மதினி சொன்னது எனக்கும் நியாயமாகப் பட்டது. முதல் தடவை தண்ணீர் கொடுத்தோம், நோய் திரும்ப வந்தது. இரண்டாம் தடவையும் வந்தது. கம்பவுண்டர் ஒருவர் ஒருதரம் கையைப் பிடித்துச் சொன்னது பெரிதா, ஒரு பிள்ளையைப் பிழைக்க வைத்துக் காட்டினவள் சொல்வது பெரிதா? அப்படித்தான் யோசித்தேன். பிள்ளையும் தண்ணீருக்கு அழவில்லை. எரிச்சல் குறைந்ததே என்று அவளும் சும்மா இருந்தாள். மூன்றாவது குடத்துத் தண்ணீரைப் பாத்திரம் கழுவ எடுத்தார்கள். நல்ல தண்ணீரில் பாத்திரம் கழுவின வீடு அந்த வாரம் எங்கள் தெருவில் எங்கள் வீடு ஒன்றாகத்தான் இருக்கும்.

மூன்றாம் நாள் நான் கொல்லையில் கை கழுவிக்கொண்டிருந்தபோது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்தாள். விரலை மோந்து பார்க்க வருகிறாள் என்று கையை நீட்டினேன். அவள் நான் கை கழுவின சருவத்துத் தண்ணீரைக் காட்டினாள். அது கிணற்றுத் தண்ணீர், உப்பு. நான் உள்ளே போய், மதினி அடுப்பில் குனிந்திருந்த நேரம் பார்த்து, அரை டம்ளர் நல்ல தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தாள். "பெரியம்மைக்கிட்ட சொல்லிராதிய" என்றாள். சொல்ல மாட்டேன் என்றேன். அன்றைக்கு எனக்குள் ஒரு திருப்திகூட இருந்தது. பிள்ளைக்கு ஏதோ செய்துவிட்ட மாதிரி. திருடிக் கொடுத்த அந்த அரை டம்ளருக்குப் பதில் அடுப்படி வாசலில் நின்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முறை தவறிவிட்டது என்று ஊரில் நாலு நாள் பேசியிருப்பார்கள். அவ்வளவுதான்.

நாலாம் நாள் காலை மூத்திரம் தேயிலைத் தண்ணீர் நிறத்தில் வந்தது. அடியில் பொடிப்பொடியாக ஏதோ படிந்திருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன். மணல்தான். வேலைக்குப் போகிற வழியில் டாக்டரிடம் போனேன். கூட்டம் அதிகம். துறைமுகக் கூலியாட்கள், தோணிக்காரர்கள், பிள்ளைகளோடு பெண்கள். என் முறை வந்தபோது எனக்குப் பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். மூத்திரம் சிவப்பாக வருகிறது என்று மெதுவாகச் சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார்:

"தண்ணி நல்லா குடிக்காளா?"

இந்த இடத்தை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அவர் கேட்டபோது என்ன சொல்வது? இல்லை என்று சொன்னால் ஏன் என்பார். ஏன் என்றால் மதினி பத்தியம் வைத்திருக்கிறாள் என்று சொல்ல வேண்டும். நீ எதற்கு இருக்கிறாய் என்பார். பின்னால் நிற்கிற பத்துப் பேரும் கேட்பார்கள். அதில் இரண்டு பேர் எங்கள் கொட்டடிக்கு வருகிறவர்கள். இதெல்லாம் ஒரு நொடியில் மனசில் ஓடிற்று.

"குடிக்கா" என்றேன்.

அப்படியானால் நோயினால்தான் ரத்தம் வருகிறது, பயப்பட வேண்டாம், மாத்திரையை விடாமல் கொடுங்கள் என்றார். நாளைக்குப் பிள்ளையைத் தூக்கி வரச் சொன்னார். மறுநாள் மூன்று படகு சேர்ந்தாற்போல வந்துவிட்டன. போகவில்லை. மாத்திரையை மட்டும் விடாமல் கொடுத்தோம். தேனில் உரைத்து, வேளை தவறாமல், பத்தியத்தோடு. அந்த வீட்டில் ஒரு மருந்து அவ்வளவு ஒழுங்காகக் கொடுக்கப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

ஆறாம் நாள் மூத்திரமே வரவில்லை. கண் இமை வீங்கிவிட்டது. முதுகைத் தொட விடவில்லை. ஜட்கா வண்டி பிடித்துத் தூக்கிப் போனோம். மனைவியால் வர முடியாது. மதினிதான் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். குழாய் விட்டுப் பார்த்தார். இரண்டு கரண்டி அளவு வந்தது. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, தண்ணீர் கொடுக்கவே இல்லையா என்று கேட்டார்.

நான் தரையைப் பார்த்தேன். அந்நிய ஆண்களிடம் மதினி பேசி நான் கேட்டதே கிடையாது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் சொன்னாள்:

"நாந்தான் குடுக்கல. பத்தியம்னு நெனச்சேன். என் மேலதான் தப்பு."

டாக்டர் என்னைப் பார்த்தார். நாலாம் நாள் நான் சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்திருக்கும். அவர் அப்போது என்னைத் திட்டியிருந்தால் மதினிக்குத் தெரிந்திருக்கும். நான் தண்ணீர் குடிக்கிறாள் என்று பொய் சொன்னதும், அதை நம்பித்தான் மாத்திரையைத் தொடரச் சொன்னார் என்பதும். அவர் திட்டவில்லை. நானும் சொல்லவில்லை.

மாத்திரையை நிறுத்தினார்கள். பின்கட்டில் ஜன்னல் ஓரத்துக் கட்டிலில் படுக்க வைத்து, சோடா உப்புக் கரைத்துக் கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள். முதுகுக்கு ஒத்தடம் கொடுத்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. மதினி வீட்டுக்கு ஓடிப்போய் மூன்றாவது குடத்தையே இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அவ்வளவு தூரம், அந்த வெயிலில். கட்டிலுக்குக் கீழே வைத்து டம்ளரில் மொண்டு நீட்டினாள். கம்பவுண்டர் வந்து அவள் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டார். இனிமேல் தண்ணீர் உள்ளே போனால் வெளியே வராது, உடம்பில்தான் ஏறும், நெஞ்சை அடைக்கும், அதனால் உதட்டை நனைத்தால் போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மதினிக்கு அது விளங்க வெகுநேரம் ஆயிற்று. விளங்கின பிறகு அவள் குடத்தின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நாலு நாள் அப்படி இருந்தாள் என் மகள். இப்போது அவள் தண்ணீர் கேட்டாள். முன்னால் வாய் திறந்து கேட்காதவள் இப்போது நாள் முழுக்கக் கேட்டாள். "ஐயாட்ட சொல்லுங்க பெரியம்ம, தண்ணி வேணும்னு" என்பாள். பிறகு என் பக்கம் திரும்பி, "பெரியம்மைட்ட சொல்லுங்கய்யா" என்பாள். நாங்கள் இரண்டு பேரும் கட்டிலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். ஈரத்துணியால் மாறி மாறி உதட்டை நனைத்தோம். அப்போதும் நாங்கள் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை.

பின்னால் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்றரை மாதம் கழித்து எங்களுக்குப் பையன் பிறந்தான். அவன் நன்றாக இருக்கிறான். சில வருடங்களில் புது மருந்துகளெல்லாம் இங்கே சாதாரணமாகக் கிடைக்க ஆரம்பித்துவிட்டன. மகளுக்கு வந்த மாதிரி வந்த பிள்ளைகள் ஒரே வாரத்தில் எழுந்து ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். பார்த்து எனக்குச் சந்தோஷம் வந்தது என்று சொல்ல முடியவில்லை. மதினி ஊருக்குத் திரும்பிப் போகவில்லை, எங்களோடேயே இருந்தாள். பையனுக்குத் தலைவலி என்றால்கூட மருந்தை அவள் கையால் தொட மாட்டாள். பிள்ளையைக் கொன்றவள் என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்வாள். சண்டை போடும்போது அல்ல, அரிசி புடைக்கும்போது, சும்மா இருக்கும்போது. என் மனைவியும் அதை மறுத்துச் சொன்னதில்லை. நான் அடுத்த அறையில் கேட்டுக்கொண்டிருப்பேன். நாலாம் நாள் டாக்டர் என்னிடம் கேட்டார், நான் குடிக்கிறாள் என்று சொன்னேன் என்று சொல்ல எனக்குப் பன்னிரண்டு வருடம் இருந்தது. நேருக்கு நேர் பேசுகிற வழக்கமில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பையனை நடுவில் வைத்தாவது சொல்லியிருக்கலாம். பிறகு அவளும் கண்ணை மூடிவிட்டாள். கடைசி வரை அது தன் ஒருத்தியால் நடந்தது என்றுதான் நினைத்திருந்தாள்.

என் மனைவி எழுத்துக் கூட்டி வாசிப்பாள். இதைப் படிப்பாளோ என்னவோ. நானாகக் கொடுக்கப் போவதில்லை.

மகள் போனது பத்தாம் நாள், மத்தியானம் இரண்டு மணி இருக்கும். அதற்கு முன் கொஞ்ச நேரம் தெளிவாக இருந்தாள். என் கையை இழுத்து மோந்து பார்த்தாள். நாலு நாளாக நான் கொட்டடிக்குப் போகவில்லை. "நாறல" என்றாள். ஏமாற்றம் மாதிரி இருந்தது. பிறகு பேச்சில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தது, நின்றுபோயிற்று. மதினி அவள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கம்பவுண்டர் வந்து பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்தினார். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பொழுது சாயும் முன் அடக்கம் செய்துவிட்டோம். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அடியிலிருந்து குடத்தை யார் வீட்டுக்கு எடுத்து வந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. வந்து பார்த்தபோது மற்ற இரண்டு குடத்தின் பக்கத்தில் இருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பீப்பாய் வண்டி வந்தது. இனி இரண்டு குடம் போதும் என்று வண்டிக்காரரிடம் சொன்னேன்.